ஐம்பது அடி தூரம்

இடது கை மோதிர விரலை மடக்கினால் சுண்டுவிரல் நிமிர்ந்துகொண்டது. சுண்டுவிரலை அமுக்கிப் பிடித்தால் ஜெபமாலை நழுவித் தரையில் விழுந்தது. மூன்றாவது தடவை குனிந்து அதை எடுத்தபோது வின்னிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை யாரையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத அப்பா, செத்த பிறகு இப்படி அடம் பிடிக்கிறாரே.

"விடும்மா, நான் பாக்குறேன்," என்றார் காடிகன். ஹால்ஸ்டன் ஊரில் பாதிப் பேரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கோட்டு மாட்டி அனுப்பி வைத்தவர் அவர். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மலாக்கி ஹெஃபர்னனின் பத்து விரல்களோடும் கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். பிறகு நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"இருவத்தாறு வருஷமா இந்த வேல பாக்குறேன். பேங்க்காரன் கை, பிச்சக்காரன் கை, எல்லாக் கையும் கடைசில ஜெபமாலைய வாங்கிக்கும். இவர் கை மட்டும் வாங்க மாட்டேங்குது."

வாங்காதுதான். வலது கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்து போனது போனதுதான். ஆள்காட்டி விரலின் நுனி பக்கவாட்டில் திரும்பி வேறு எதையோ சுட்டிக்கொண்டிருந்தது. நடுவிரலின் கணு புடைத்து, இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. இடது கை இதற்குக் கொஞ்சம் தேவலை என்று சொல்லலாம். அதில் இரண்டு விரல்கள் நேராக இருந்தன. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், 1882-இல், பச்சைக் காலுறை பேஸ்பால் அணி நாட்டுக்கே முதலாவதாக வந்து வெற்றிக் கொடி வாங்கியபோது, மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடித்த கைகள் அவை.

சமையலறையிலிருந்து டிலியா வந்தாள். கையில் இஸ்திரி போட்ட சட்டை. கணவன் இறந்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அடுப்பைத் துடைத்து, சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணியால் மூடி, கடிகாரத்தை நிறுத்தி, இரண்டு பேரைத் திட்டியும் முடித்திருந்தாள். ஆலையின் முதல் சங்கு ஊதும் நேரத்தில் மலாக்கியின் மூச்சு நின்றது. இருபத்தோரு வருஷமாக அந்தச் சங்குக்குத்தான் அவர் ஆலை வாசற்கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னுமா முடியல?" என்றாள் டிலியா.

"மடங்க மாட்டேங்குது மிஸஸ் ஹெஃபர்னன். ஒண்ணு செய்யலாம்." காடிகன் தன் பெட்டியைத் திறந்தார். சவப்பெட்டி தூக்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கையுறைகள் அதில் ஒரு கட்டு இருந்தன. "விரல நூலால கட்டி, ஜெபமாலையச் சுத்தி, மேல இத மாட்டிட்டா பாக்குறதுக்கு லட்சணமா இருக்கும். கட்டினது வெளிய தெரியாது."

டிலியா மகளைப் பார்த்தாள். வின்னி கையுறையைப் பார்த்தாள்.

"போட்டுடுங்க," என்றாள் வின்னி.

"போடுங்க போடுங்க," என்றாள் டிலியா. "ஊரே வேடிக்க பாத்தாச்சு. இன்னிக்காவது மூடிக்கிட்டுப் படுக்கட்டும்."

பெரிய அளவாகத் தேடி எடுத்து, சோளமாவு தூவி, காடிகன் பொறுமையாக மாட்டினார். மாட்டிய பிறகு அவர் சொன்னபடியேதான் இருந்தது. இரண்டு வெள்ளைக் கைகள், நடுவில் கறுப்பு மணிகள். எந்த வீட்டுக் கூடத்தில் வேண்டுமானாலும் கிடத்தலாம், எந்தப் பெரிய மனிதராகவும் இருக்கலாம். வின்னிக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளியில் ஒரு பரிசு கிடைத்தது. அப்பா தேய்த்துச் சுத்தம் செய்த பூட்ஸோடு வந்தார். தலைமை ஆசிரியை கை கொடுத்தபோது அந்த அம்மாளின் முகம் ஒரு கணம் போன போக்கை வின்னி பார்த்துவிட்டாள். பின்வரிசையில் இரண்டு பெண்கள் தங்கள் விரல்களைக் கோணலாக வைத்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தின் மேல் நின்று, "அப்பா, இனிமே வெளிய வந்தா கைய பாக்கெட்ல வச்சுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, வச்சுக்கிட்டாப் போச்சு," என்றார்.

வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பதினேழு வருஷம். கோயிலில், சந்தையில், வின்னி ஆசிரியை ஆன அன்றைக்கு எடுத்த புகைப்படத்தில், எல்லாவற்றிலும் மலாக்கி ஹெஃபர்னனுக்கு இரண்டு பாக்கெட்டுகள்தான் இருந்தன, கைகள் இல்லை. அவள் பெரியவளாகி, வெட்கம் தீர்ந்து, அந்த வார்த்தைக்காகத் தன்னையே நொந்துகொண்ட பிறகும் 'இனி வேண்டாம் அப்பா' என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தள்ளிப்போட இனி நாளில்லை என்று நேற்றுச் சாயங்காலம் பாதிரியார் வந்தபோது தெரிந்தது. கடைசி எண்ணெய் பூசுவதற்கு, "கையக் காட்டுங்க மலாக்கி," என்றார் அவர். போர்வைக்குள் கைகளை வைத்திருந்த அப்பா உடனே எடுக்கவில்லை. தலையைத் திருப்பி வின்னியைப் பார்த்தார். எடுக்கட்டுமா என்று கேட்கிற பார்வை. அவள் தலையசைத்த பிறகுதான் எடுத்தார்.

அப்போதும் அவள் எதுவும் சொல்லவில்லை. இப்போது அவளே கையுறையும் போடச் சொல்லிவிட்டாள்.

*

மதியத்துக்கு மேல் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து போனார்கள். "எவ்வளவு அழகா படுக்க வச்சிருக்கீங்க," என்றார்கள். தேநீர் குடித்தார்கள். ஒருத்திகூடக் கையுறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சிக்கல் ஆண்கள் வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

சனிக்கிழமையாதலால் ஆலை நாலு மணிக்கே விட்டுவிட்டது. முதலில் வந்தவர் கிழவர் ஸ்கல்லி. பஞ்சு இழுக்கும் பிரிவில் வேலை. தாடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். பச்சைக் காலுறைக்காரர்கள் ஆடிய காலத்தில் ஒரு ஆட்டம் விடாமல் வேலிக்கு வெளியே பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார், முழங்காலிட்டார், சிலுவை போட்டார், கண்ணைத் திறந்தார். திறந்த கண் திறந்தபடியே நின்றது.

"கையுறையா?" என்றார். "மலாக்கிக்கா?"

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அடுத்து வந்த நாலைந்து பேரும் அதே மாதிரி முழங்காலிட்டார்கள், அதே மாதிரி பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். அங்கிருந்து முணுமுணுப்பு வந்தது. தேநீர்த் தட்டோடு வின்னி போனபோது பேச்சு நின்றது.

"என்ன ஸ்கல்லி மாமா, சொல்லுங்க. எனக்குத் தெரியக் கூடாதா?"

"ஒண்ணுமில்ல தாயீ."

"ஒண்ணுமில்லாததுக்கா அஞ்சு பேரு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

ஸ்கல்லி கோப்பையைக் கீழே வைத்தார். "கொடி வாங்கின வருஷம் ஜூலைல வெளியூர் அணி ஒண்ணு இங்க வந்துச்சு. அவங்க ஆளு, பந்து பிடிக்கிறவன், தோலுல ஒரு கையுறை தச்சு மாட்டிக்கிட்டு வந்தான். விரல் நுனிய வெட்டிவிட்ட சின்னக் கையுறைதான். நாங்க விட்டோமா? ரோஜாச்செடிக்கு முள்ளு வெட்டப் போறியா, பாட்டி வீட்டுக்கு விருந்துக்குப் போறியான்னு மொத்தக் கூட்டமும் கத்துச்சு. மூணாவது சுற்றுல பாவம் கழட்டிப் போட்டுட்டான். உங்க அப்பா அன்னிக்கு ரெண்டு விரல்ல கட்டு போட்டுக்கிட்டு நின்னாரு. வெறுங்கையோட."

"இப்ப எல்லாரும்தான் போட்டுக்கறாங்க," என்றாள் வின்னி. "தலகாணி மாதிரி பெருசா."

"போட்டுக்கட்டுமே. நல்லதுதான். யாரு வேண்டாங்குறா?" கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவருக்குப் போட்டதுதான் பாக்க முடியல. அவ்வளவுதான், விடு."

அவளால் விட முடியவில்லை. அப்பாவுக்கு எதிரில் போய் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றலாமா? கழற்றினால் கட்டுப்போட்ட விரல்கள் தெரியும். ஊர் முழுக்க வந்து குனிந்து பார்க்கும். அப்பாவின் வெட்கமா இது, தன் வெட்கமா என்றே அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அப்போதுதான் வாசலில் அந்த ஆள் வந்து நின்றார்.

கதவை நிறைத்த உடம்பு. ஐம்பது தாண்டிய வயது. அக்குளில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பெரிய ரொட்டி. வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்து தொங்கியது. தொப்பியை இடது கையால் கழற்றினார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்கல்லி, "கடவுளே," என்றார் மெதுவாக. "காலைல நான் குடுத்த தந்தி கெடச்சிருச்சு."

வின்னிக்கு யாரென்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. டிலியா அடுப்படியிலிருந்து நேராக வந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள்.

"வாய்யா டச்சுக்காரா," என்றாள். "வழி தெரிய இருவத்திரெண்டு வருஷம் ஆச்சா?"

அந்த ஊரில் ஜெர்மன்காரர்கள் எல்லாருமே டச்சுக்காரர்கள்தான். வின்னிக்குப் புரிந்துவிட்டது. காஸ்பர் ரைன்ஹோல்ட். அந்த வருஷம் பந்து வீசியவர். அப்பாவின் விரல்களை உடைத்த ஆள் என்று அம்மா பெயரைச் சொல்லாமலே திட்டிவந்த ஆள். இப்போது ஆல்பனியில் ரொட்டிக் கடை வைத்திருப்பதாக ஸ்கல்லி ஒரு தடவை சொன்னார்.

"மிஸஸ் ஹெஃபர்னன்," என்றார் அவர். ரொட்டியை நீட்டினார்.

"இத நான் என்ன செய்ய?"

"ரை மாவு ரொட்டி. இன்னிக்குக் காலைல சுட்டது."

டிலியா வாங்கினாள். வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, அதைக் குற்றவாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "அந்த அக்டோபர்ல உங்களுக்கெல்லாம் கொடி கெடச்சுது. எனக்குக் கரண்டி கெடச்சுது. ஈஸ்டர் வரைக்கும் அவருக்கு நான்தான் ஊட்டினேன். சட்டப் பொத்தான் நான்தான் போட்டேன். வேற எதெல்லாம் செஞ்சேன்னு ஆம்பளைங்க முன்னாடி சொல்ல மாட்டேன். ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தியா நீ?"

"வந்தேன்," என்றார் காஸ்பர்.

"பொய் சொல்லாத."

"டிசம்பர்ல வந்தேன். பின்பக்கமா வந்தேன். நிலக்கரிக் கொட்டா கிட்ட நின்னு ஜன்னல் வழியா பாத்தேன். நீங்க சூப் ஊட்டிக்கிட்டு இருந்தீங்க. இந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, துண்ட அவன் தாடையில பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு." அவர் வின்னியைப் பார்த்தார். "கதவத் தட்டலாம்னு கையத் தூக்கப் பாத்தேன். தூக்க முடியல."

டிலியா வழியை விட்டு விலகினாள்.

காஸ்பர் உள்ளே வந்து மலாக்கியின் காலடியில் நின்றார். முகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கைகளைப் பார்த்தார். பெரிய உடம்பு அப்படியே உள்ளே இறங்கின மாதிரி இருந்தது.

"இது யாரோட கை?" என்று கேட்டார்.

"எங்கப்பாவோடதுதான்," என்றாள் வின்னி.

"மூடியிருக்கே."

"பாக்க நல்லா இருக்கணும்னு..." அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே உடைச்சீங்க. உங்களுக்குத் தெரியாதா எப்படி இருக்கும்னு?"

"தெரியும். பதினோரு எடத்துல உடைஞ்சுது. எல்லாம் நான்தான்." மறைக்கவும் இல்லை, பீற்றவும் இல்லை; ரொட்டிக் கடையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். "வலது சுண்டுவிரல் ட்ராய் ஊர் ஆட்டத்துல. மோதிர விரல் பஃபலோ, மழையில. இடது ஆள்காட்டி விரல் ரெண்டு தடவ, ரெண்டும் கிளீவ்லேண்ட். எண்பத்தி நாலு ஆட்டம் ஆடினோம் அந்த வருஷம். எழுபத்தியொண்ணு நான் போட்டேன். எழுபத்தியொண்ணும் இவன்தான் பிடிச்சான். ஒரு நாள் வேற ஆளப் பிடிக்கச் சொன்னாங்க. ரெண்டாவது பந்துலயே அவன் பல்லு போச்சு. அப்புறம் யாரும் கேக்கல."

சமையலறை ஆண்கள் ஒவ்வொருவராகக் கதவோரம் வந்து நின்றார்கள். யாரும் புகைக்குழாய் பற்ற வைக்கவில்லை.

"கட்டைவிரல்?" என்று கேட்டாள் வின்னி.

"கடைசி ஆட்டம்." காஸ்பர் ஸ்கல்லியைப் பார்த்தார். "நீ சொல்லு. நீ பாத்தே இல்ல."

"பாத்தேன்," என்றார் ஸ்கல்லி. குரல் கிழவரின் குரலாக இல்லை. "சிகாகோக்காரங்க. யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குக் கொடி. கடைசிச் சுற்று. நமக்கு ஒரு ஓட்டம் கூட. மூணாவது மூலையில அவங்க ஆள் ஓடத் தயாரா நிக்கிறான். மட்டைக்காரன் ரெண்டு தடவ விட்டுட்டான். மூணாவதும் விட்டா முடிஞ்சுது. ஆனா தாயீ, அந்த மூணாவது பந்தக் கையில பிடிக்கணும். கை நழுவிச்சுன்னா அவன் ஓடிடுவான், மூலையில நிக்கிறவன் கிளம்பின எடத்துக்கே ஓடி வந்து ஒரு ஓட்டம் எடுத்துடுவான், எல்லாம் சமமாயிடும். உங்கப்பா கட்டைவிரல் அதுக்கு முந்தின சுற்றுலயே பொளந்துருச்சு. எலும்பு தெரிஞ்சுது. வேலிக்கு வெளிய பெட்டி மேல நின்ன எனக்கே தெரிஞ்சுது."

"எனக்குத் தெரியாதா," என்றார் காஸ்பர். "ஐம்பது அடி தூரத்துல நிக்கிறேன். ரத்தம் முழங்கை வரைக்கும் வழியுது. வேகமாப் போடுன்னு சைகை காட்டுறான். எனக்கு மனசு வரல. மெதுவாப் போட்டேன். மட்டைக்காரன் தூக்கி அடிச்சான். கோட்டுக்கு வெளிய விழுந்துச்சு, ஒரு சாண் உள்ள விழுந்திருந்தா நாங்க போனோம். இவன் எழுந்து நடந்து வந்தான், என் கிட்ட. ஊரே பாக்குது. என் சட்டையப் பிடிச்சு உலுக்கப் போறான்னு நெனச்சேன். காது கிட்ட வந்து மெதுவா சொன்னான். 'என் கைக்கு நீ கணக்குப்பிள்ள இல்ல. உன் வேலயப் பாரு'ன்னான்."

கதவோரம் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

"திரும்பப் போய் உக்காந்தான். ரெண்டு கையும் சேத்து விரிச்சுக் காட்டினான். என் ஆயுசுல நான் போட்ட வேகமான பந்து அதுதான் மிஸஸ் ஹெஃபர்னன். அன்னிக்கோட என் தோளும் போச்சு, அது வேற கத. பந்து கையில விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு சத்தமும் கேக்கல. ஆறாயிரம் பேரு. எல்லாரும் அவன் கையப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. விழுமா, விழாதா. அவன் கையத் திறக்கல. நடுவர் வந்து கேட்டாரு, அப்பவும் திறக்கல. திறக்க முடியல அவனால. நான்தான் போய் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன். பந்து உள்ளயே இருந்துச்சு."

வின்னிக்கு ஏழு வயது அப்போது. முற்றத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று ஒரு பேரிரைச்சல் எழுந்து, காக்கைகள் எல்லாம் மேலே கிளம்பின. ஆலையில் கொதிகலன் வெடித்துவிட்டது என்று நினைத்து அம்மா தட்டைக் கீழே போட்டு உடைத்தாள். அந்தச் சத்தம் அப்பாவுக்காக எழுந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், காதில் விழவில்லை. ஒரு ஊரையே மூச்சடைக்க வைத்த கைகள் இவை. பதினேழு வருஷம் இவற்றை ஒளித்து வைக்கச் சொன்னவள் தான். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடியது. கோயிலில் மணி அடித்து எல்லோரும் தலை குனியும்போது வருமே, அந்த நடுக்கம்.

"அம்மா," என்றாள். "நான்தான் அவர கைய பாக்கெட்ல வைக்கச் சொன்னேன். பரிசு வாங்கின அன்னிக்கு."

"தெரியும்," என்றாள் டிலியா.

"தெரியுமா? அப்பா சொன்னாரா?"

"சொல்லல. அன்னிக்கு ராத்திரி கோட்டக் கொண்டுவந்து குடுத்தாரு. பாக்கெட்ட இன்னும் கொஞ்சம் ஆழமா தச்சுக் குடுன்னாரு. மணிக்கட்டு வெளிய தெரியுதாம்."

வின்னி எழுந்தாள். ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். காடிகன் பதறிப்போய், "அம்மா, எல்லாம் விறைச்சாச்சு, இப்பப் பிரிச்சா மறுபடி சேக்க முடியாது," என்றார். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. வலது கையுறையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. விரல் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது வயதில் முதல் தடவையாக அந்தக் கையைத் தொட்டுப் பழகுகிறவள் மாதிரி தடுமாறினாள்.

"தள்ளு," என்றாள் டிலியா. "அந்தக் கட்டைவிரல மொதல்ல வெளிப்பக்கம் சாய்க்கணும். குளிர்காலக் கையுறை நான்தானே மாட்டிவிடுவேன்."

இரண்டு கையுறைகளும் வந்துவிட்டன. டிலியா அவற்றை ஒழுங்காக மடித்துக் காடிகனிடம் கொடுத்தாள். வின்னி நூலை வெட்டினாள். கட்டு விட்டதும் விரல்கள் மெல்ல, ஒரு நூலளவு, தங்கள் பழைய கோணலுக்குப் போயின. ஜெபமாலை வழக்கம்போல நழுவி விழுந்தது. இந்தத் தடவை அவளுக்கு எரிச்சல் வரவில்லை.

"எப்படிக் காட்டுவாரு?" என்று காஸ்பரிடம் கேட்டாள். "உங்களுக்குக் கையக் காட்டினாருன்னு சொன்னீங்களே. எப்படி?"

காஸ்பர் தன் இரண்டு கைகளின் மணிக்கட்டையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து வைத்து, விரல்களை முன்பக்கமாக விரித்துக் காட்டினார். ஒரு கிண்ணம் மாதிரி. "இப்படி. இவன் கை எங்க இருக்கோ, அங்கதான் நான் போடுவேன். மட்டைக்காரன நான் பாத்ததே இல்ல. நாலு வருஷம் இந்தக் கைய மட்டும்தான் பாத்தேன்."

காடிகன் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, தொழில்காரர் அல்லவா, சட்டைக் கையைச் சுருட்டினார். "வெந்நீர் கொண்டாங்க," என்றார். "துணியும்."

டிலியா கெண்டியைக் கொண்டுவந்தாள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி, மணிக்கட்டையும் முழங்கையையும் அரை மணி நேரம் நீவிக்கொடுத்தார் காடிகன். விறைப்பு மெதுவாக விட்டது. தலையணையை உயர்த்தி, கைகளை நெஞ்சுக்கு மேல் கொண்டுவந்து, மணிக்கட்டைச் சேர்த்தார். விரல்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு விரலும் தன் கோணலில் போய், தனக்குத் தெரிந்த இடத்தில் நின்றுகொண்டது. காலையிலிருந்து எதற்கும் ஒத்துவராத கைகள் இதற்கு மட்டும் ஒத்துவந்தன. கும்பிடுவது மாதிரியும் இருந்தது, எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது மாதிரியும் இருந்தது. வின்னி ஜெபமாலையைச் சுருட்டி அந்தக் குழிவில் வைத்தாள். அது விழவில்லை.

ஸ்கல்லி முன்னால் வந்து இன்னொரு தடவை முழங்காலிட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும். அவர்கள் முகத்தைப் பார்த்தபோது வின்னிக்கு, இவர்கள் அப்பாவுக்காக வருத்தப்படுகிறவர்கள் இல்லை, எதையோ பெரிதாகப் பார்த்துவிட்டு அதைப் பார்த்ததற்காகவே நன்றியோடு இருக்கிறவர்கள் என்று தோன்றியது. டிலியா மேஜையிலிருந்த ரொட்டியை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, கத்தியால் துண்டு போட ஆரம்பித்தாள். முதல் துண்டில் வெண்ணெய் தடவி, "இந்தா டச்சுக்காரா, ரயில்ல என்ன தின்னியோ," என்று திரும்பினாள்.

காஸ்பர் அங்கே இல்லை.

அவர் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். முகத்தை மலாக்கியிடமிருந்து திருப்பாமல், கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து பின்வாசலுக்கு, ஒவ்வொரு எட்டாக எடுத்து வைத்து. உதடு அசைந்தது. எட்டுகளை எண்ணுகிறார் போலிருந்தது. ஆண்கள் எதுவும் கேட்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவர் நாற்காலியை நகர்த்தினார். ஸ்கல்லி போய்ப் பின்கதவை அகலத் திறந்து, அது மூடிவிடாமல் காலால் பிடித்துக்கொண்டார். காஸ்பர் படியிறங்கி, துணிக்கொடிக்குக் கீழே குனிந்து, முற்றத்தைக் கடந்து, நிலக்கரிக் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஜூன் மாதத்து வெயில் இன்னும் நன்றாக இருந்தது. அவருடைய வலது கை பக்கத்தில் தொங்கியது. தொப்பி இடது கையில் இருந்தது.

அங்கிருந்து அவர் பார்த்தார்.

தேநீர்த் தட்டை எடுக்க வந்த வின்னி, கூடத்து வாசலில், அந்தக் கைகளுக்கும் அவருக்கும் நடுவில் தான் நிற்பதைக் கவனித்தாள். தட்டோடு விலகி, சுவரோரமாக நின்றுகொண்டாள்.